பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குப் பொறுப்பு யார்?

“பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுக்கப் போகிறோம், ஆலைக்கும் பட்டறைக்கும் பண்ணைக்கும் அனுப்பிப் பழக்கப் போகிறோம், மிச்சத்தை செல்போனில் படித்துக் கொள்ளட்டும்” என்று மேலிடத்தில் பேசுகிறார்கள். இதைக் கேட்டதும் சிலர் கை தட்டுகிறார்கள். சிலர் “ஐயோ, குலக்கல்வி திரும்பி வந்துவிட்டது” என்று அலறுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரையும் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தங்கள் கண்ணால் இந்த விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அனுப்பப்படப் போவது வக்கீல் வீட்டுப் பிள்ளையோ டாக்டர் வீட்டுப் பிள்ளையோ அல்ல. நம் வீட்டுப் பிள்ளை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். கைவேலையை இழிவாக நினைப்பவர்கள் அல்ல நாம். ரிங் பிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த இழையை ஒட்டுகிற விரலுக்கு எத்தனை மாதப் பழக்கம் வேண்டும் என்பது சைடருக்குத் தெரியும். முதுகை நிமிர்த்தாமல், இடைவெளி தப்பாமல், நாற்றைச் சேற்றில் ஊன்றிக்கொண்டே பின்னால் நகர்கிறாளே, அந்தப் பெண்ணின் கையில் இருக்கிற கணக்கு எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? படித்தவன் என்றால் கையில் மண் படாதவன் என்று நினைப்பது இந்த நாட்டில் ஜாதி கொடுத்த வழக்கம். அது ஒழிய வேண்டும் என்று சொல்ல முதல் உரிமை நமக்குத்தான்.

1866-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் மாநாட்டுக்குப் போன பிரதிநிதிகளுக்கு மார்க்ஸ் எழுதிக் கொடுத்த யோசனைகளில் இந்த விஷயம் வருகிறது. பிள்ளைகள் படிப்போடு வேலையும் பழக வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் கூடவே ஒரு கடிகாரத்தையும் வைத்தார். 9 முதல் 12 வயது வரை 2 மணி நேரம், 13 முதல் 15 வரை 4 மணி நேரம், 16, 17 வயதில் 6 மணி நேரம். அதற்கு மேல் கூடாது. படிப்போடு சேராத வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெற்றோருக்கும் உரிமை இல்லை, முதலாளிக்கும் உரிமை இல்லை. அது அந்தக் காலத்து ஐரோப்பாவின் கணக்கு. ஒன்பது வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பு என்று இன்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். பார்க்க வேண்டியது அவர் கேட்ட வரிசையை. வேலை என்றவுடனே எத்தனை மணி நேரம், யார் பொறுப்பு என்ற கேள்விதான் முன்னால் வந்து நின்றது.

நம் நாட்டுத் திட்டங்களில் அந்தக் கேள்வி எங்கே நிற்கிறது?

2020 ஜூலை 29-ம் தேதி மத்திய மந்திரிசபை ஒப்புக்கொண்ட தேசியக் கல்விக் கொள்கையை எடுத்துக் கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தச்சு, மின்சார வேலை, உலோக வேலை, தோட்ட வேலை, மண்பாண்டம் போன்ற தொழில்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் போய் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, விடுமுறை நாட்கள் உட்பட, இதே மாதிரிப் பயிற்சிக்கு வாய்ப்புத் தரலாம் என்கிறது. தொழிற் பாடங்களை இணைய வழியிலும் கிடைக்கச் செய்வோம் என்கிறது. 2025-க்குள் மாணவர்களில் குறைந்தது பாதிப் பேருக்குத் தொழிற்கல்வியின் அறிமுகம் கிடைத்திருக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது. கெடு வந்துவிட்டது. உங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளின் கைக்கு என்ன தொழில் வந்து சேர்ந்தது என்று நீங்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு சர்க்கார் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. அதற்குத் தண்டனை போல, 2024-25-ம் ஆண்டுக்குப் பள்ளிக்கூடங்களுக்காக வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்ட் 8-ல் மாநிலத்துக்கென்று தனிக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது. இதெல்லாம் சரி. ஆனால் 2022 மார்ச் 1-ம் தேதி “நான் முதல்வன்” என்று ஒரு திட்டம் இங்கேயும் துவங்கியது. பள்ளிப் பிள்ளைக்கு வழிகாட்டல், கல்லூரிப் பிள்ளைக்குக் கம்பெனிகளின் இணையப் பாடம், பயிற்சி என்று அது விரிந்தது. ஆக, டில்லி முத்திரையோடு வந்தாலும் கோட்டை முத்திரையோடு வந்தாலும், பயிற்சிக்குப் போகும் நாளும் போனில் படிக்கும் நாளும் நம் பிள்ளைக்கு வந்தே தீரும். வேண்டாம் என்று கதவைச் சாத்திப் பயனில்லை. என்ன நிபந்தனையில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

“உள்ளூர்க் கைவினைஞர்” என்று எழுதிவிடுவது சுலபம். கிராமத்தில் உள்ளூர்க் கைவினைஞர் என்றால் யார்? தச்சாசாரி, கொல்லர், குயவர், நாவிதர், சலவைத் தொழிலாளி. ஒவ்வொரு தொழிலும் ஒரு தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவும் ஒரு ஜாதியாக இருக்கிறது. இந்தக் கிராமத்தில் சேரிப் பிள்ளையை எந்தப் பட்டறைக்கு அனுப்புவார்கள்? ஊர்த் தெருவில் உள்ள வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தொழில் பழக்குவார்களா? அல்லது “உனக்குத்தான் வயல் வேலை தெரியுமே, உன் அப்பன் போகிற பண்ணைக்கே போ” என்பார்களா? தலைமை ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும். பத்து நாளைக்கு முப்பது பிள்ளைகளை எங்கேயாவது அனுப்பிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தால், எது பக்கத்தில் இருக்கிறதோ, எது தகராறு இல்லாததோ, அந்த இடத்துக்குத்தான் அவர் அனுப்புவார். தகராறு இல்லாத இடம் எது என்பதை ஊர் முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது.

இது வீண் சந்தேகம் அல்ல. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. பள்ளிக்கூடமும் உபாத்தியாயரும் போதவில்லை, இரண்டு முறையாகப் பிள்ளைகளைப் பிரித்தால் அதிகப் பேர் படிக்கலாம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். கேட்க நியாயமாகவே இருந்தது. ஆனால் அப்பன் தொழில் என்ன என்று ஜனங்கள் கேட்டார்கள். மலம் அள்ளுபவன் மகன் மூன்று மணிக்குமேல் எதைப் பழக வேண்டும்? நாடே கொதித்து எழுந்தது. 1954-ல் காமராஜ் முதல் மந்திரியானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எழுபது வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் 18 பரம்பரைத் தொழில்களைக் குறித்துக் கொடுத்து, பதினெட்டு வயதுப் பிள்ளையைக் குடும்பத் தொழிலில் கட்டிப் போடுகிறார்கள் என்ற ஆட்சேபம் இங்கிருந்து எழுந்தது. பெயர் மாறுகிறது, அப்பன் தொழில் என்ற பேச்சு போகிற பாடாக இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பதினொன்று. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் அதே திருத்தம் ஒரு சந்தையும் விட்டு வைத்திருக்கிறது: பள்ளி நேரம் முடிந்தபின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். இந்தச் சந்தையையும் “விடுமுறை நாட்களில் பயிற்சி” என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டிலும், பீடி சுற்றுகிற வீட்டிலும், தறி ஓடுகிற வீட்டிலும் நாளை கேள்வி கேட்க வரும் இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் கிடைக்கும்? “பிள்ளை பயிற்சியில் இருக்கிறது, ஐயா!”

ஆலைத் தொழிலாளிக்கு இந்தப் “பயிற்சி” என்ற வார்த்தை புதிதல்ல. பஞ்சாலையில் எத்தனையோ பேரின் வாலிபத்தை விழுங்கிய வார்த்தை அது. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் என்ன சொல்கிறது? அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர்; தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. அந்தச் சட்டத்திலும் சில காவல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஒப்பந்தம் எழுத வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். உடல் நலம், பாதுகாப்பு, வேலை நேரம் பற்றிய விதிகள் உண்டு. விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். ஆனால் முதலாளிமார் அந்தச் சட்டத்தில் எதைப் பொறுக்கி எடுத்துக் கொண்டார்கள்? “தொழிலாளி அல்ல” என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். பதிவு இல்லை, பயிற்சிப் பாடம் இல்லை, முடிவில் தேர்வும் இல்லை. ஒரு மாதத்தில் பழகிவிடுகிற வேலைக்கு மூன்று வருஷம் “பயிற்சி”!

சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து நடந்ததை நினைத்துப் பாருங்கள். தென் மாவட்டத்து வறண்ட கிராமங்களுக்குத் தரகர் வருவார். பத்தாவது முடித்த பெண், பாதியில் நின்ற பெண், எல்லோருக்கும் இடம் உண்டு. மூன்று வருஷம் விடுதியில் தங்கி நூற்பாலையில் பயிற்சி பெற்றால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகக் கிடைக்கும், கலியாணத்துக்கு ஆகும். அப்பனும் அம்மாவும் களத்துமேட்டில் எத்தனை வருஷம் கூலி பார்த்தாலும் சேராத பணம் அது. அனுப்பினார்கள். விடுதியிலிருந்து ஆலை, ஆலையிலிருந்து விடுதி. கடைக்குப் போகவும் காவல். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் நாளில் மூச்சு இறுக்கும் நோய் என்னவென்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் உடம்புக்கு ஆகாமல் வீட்டுக்குத் திரும்பியவளுக்கு அந்த மொத்தப் பணம் கிடைத்ததா? மூன்று வருஷம் நின்றவள்தான் என்ன தொழிற் சான்றிதழோடு வெளியே வந்தாள்? எதுவும் இல்லை. வேறு ஆலைக்குப் போனால் அங்கேயும் அவள் “பயிற்சியாளர்”. நிரந்தரத் தொழிலாளி செய்த வேலையை அவள் செய்தாள். அவர் வாங்கிய சம்பளத்தை அவள் வாங்கவில்லை. நிரந்தரத் தொழிலாளியின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. பழைய தோழர்கள் கேட் மீட்டிங்கில் இதைப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போனார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்கு, அந்த அரைகுறை ஒப்பந்தம்கூட இல்லாமல், பள்ளிக்கூடச் சீருடையோடு ஒரு பிள்ளை வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அவள் தொழிலாளி அல்ல. பதிவு செய்த அப்ரண்டிஸும் அல்ல. மாணவி. கார்டிங் மிஷினில் விரல் போனால் யார் நஷ்டஈடு தருவது? “பள்ளிக்கூடம் அனுப்பியது” என்று மானேஜர் சொல்வார். “ஆலைக்குள் நடந்தது” என்று பள்ளிக்கூடம் சொல்லும். விரல் மட்டும் திரும்பி வராது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள சங்கதி என்று நினைக்க வேண்டாம். இத்தாலியைப் பாருங்கள். அங்கே 2015-ல் ஒரு சட்டம் போட்டு, மேல்நிலை வகுப்புகளின் கடைசி மூன்று வருஷத்தில் தொழிற்பள்ளி மாணவர் 400 மணி நேரமும், மற்றப் பள்ளி மாணவர் 200 மணி நேரமும் வேலை இடங்களில் பழக வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இடம் தேட வேண்டும் அல்லவா? கிடைத்த இடத்துக்கு அனுப்பினார்கள். படிப்புக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்குகிறார்கள், கூலியும் இல்லை என்று மாணவர்கள் முறையிட்டார்கள். 2019-ல் மணிக்கணக்கைக் குறைத்தார்கள். 2022 ஜனவரியில் வடக்கே உதினே நகருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில், தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த 18 வயதுப் பையன் மேல் உத்தரம் விழுந்து செத்தான். அன்றுதான் அவனுடைய பயிற்சியின் கடைசி நாள். அடுத்த மாதமே பயிற்சியில் இருந்த 16 வயதுப் பையன் ஒருவன் வேலை வண்டி விபத்தில் இறந்தான். செப்டம்பரில் வெனிசுக்கு அருகே இன்னொரு 18 வயதுப் பையன், உலோகப் பாரம் விழுந்து. பள்ளி மாணவர்கள் ரோம், மிலான், துரின் வீதிகளில் இறங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடி. பயிற்சியில் இறந்த மாணவரின் குடும்பத்துக்கு நஷ்டஈட்டு நிதி என்று ஒன்று வந்தது 2023-ல்தான். மூன்று சவம் விழுந்த பிறகு!

அதே ஐரோப்பாவில் ஜெர்மனியும் இருக்கிறது. தொழிற்கல்வி என்றால் நம் அதிகாரிகள் எல்லோரும் அந்த நாட்டைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும், முழுவதும் காட்டட்டும். அங்கே பள்ளி முடித்த பிள்ளை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாட்கள் தொழிற்சாலையிலும் பழகுகிறது. 1969-ல் போட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் உண்டு. மாதச் சம்பளம் உண்டு. பல தொழில்களில் அதைச் சங்கம் பேசித் தீர்மானிக்கிறது. பயிற்சிப் பிள்ளைகள் சங்கத்தில் சேரலாம், தங்களுக்கென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவில் தேர்வு வைக்கும் குழுவில் முதலாளி தரப்பில் எத்தனை பேரோ அத்தனை பேர் தொழிலாளி தரப்பிலும் உட்காருகிறார்கள்; ஆசிரியரும் இருக்கிறார். அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நம்முடைய அதிகாரிகள் ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது தொழிற்சாலையைக் காட்டுகிறார்கள், சங்கத்தை மறைத்துவிடுகிறார்கள். அதற்காக ஜெர்மனி சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலான மாகாணங்களில் நாலாம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளைத் தரம் பிரித்துவிடுகிறார்கள்; தொழிலாளி வீட்டுப் பிள்ளை கீழ் வரிசைக்குப் போய்ச் சேருவது அங்கேயும் பழைய கதைதான்.

இனி செல்போன் படிப்புக்கு வருவோம்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரி 19-ல் திறந்து மீண்டும் மூடப்பட்டன. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 2021 செப்டம்பர் 1-ல், சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1-ல். இந்த ஒன்றரை வருஷமும் படிப்பு போனில் என்றார்கள். நாட்டு நிலைமை என்ன? 2017-18-ல் சர்க்காரே எடுத்த மாதிரிக் கணக்குப்படி இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடு 100-க்கு 4 அல்லது 5. இணைய வசதி இருந்த வீடு 100-க்கு 15. மிச்சம் 85 வீட்டுப் பிள்ளை என்ன செய்தது? ஆடு மேய்க்கப் போனது, சித்தாள் வேலைக்குப் போனது, ஆலைக்குப் போனது. திரும்பிப் பள்ளிக்கு வராத முகங்கள் எவை என்று ஒவ்வொரு கிராமத்து ஆசிரியருக்கும் தெரியும்.

இன்று போன் இல்லாத வீடு குறைவுதான். ஒப்புக் கொள்வோம். ஆனால் வீட்டுக்கு ஒரு நல்ல போன். அது அப்பனோடு ஷிப்டுக்குப் போகிறது. பல ஆலைகளில் போனை உள்ளே விடுவதில்லை. கேட்டில் வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். ஆக, மகளுக்கு வகுப்பு நடக்கும் எட்டு மணி நேரமும் போன் கேட்டிலே பூட்டிக் கிடக்கிறது! இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அண்ணனுக்கா தங்கைக்கா என்ற பஞ்சாயத்து. தங்கைக்குத் தீர்ப்பு ஆகிற வீடு எத்தனை?

போனில் படிக்கவே கூடாது என்பது நம் அபிப்பிராயம் அல்ல. 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் ஒரு கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். போனைக் காட்டினால் பாடம் ஓடுகிறது. நல்ல காரியம். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி துவங்கியது. நல்ல ஆசிரியரின் பாடம் குக்கிராமத்துக்கும் போகிறது, தமிழில், காசில்லாமல். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கார் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கூடம் அமைத்தார்கள். மாலையில் இரண்டு மணி நேரம் அந்தக் கூடங்களைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஓர் ஆசிரியரை உட்கார வைத்தால், போன் இல்லாத பிள்ளைக்கும் வழி பிறக்கும். கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்க இது உதவும்.

ஆனால் தொழில்? வெல்டிங் வைப்பதை இருபது முறை பார்க்கலாம். கம்பியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, கை எந்த வேகத்தில் போக வேண்டும், சத்தம் மாறினால் என்ன கோளாறு என்பது கைக்கும் காதுக்கும்தான் தெரியும். செவிலியம் படிக்கிற பெண் ஒரு கிழவரின் கையில் நாடி பிடித்துப் பழக வேண்டும். படத்தில் உள்ள கையில் நாடி அடிக்காது. கற்றுக் கொள்கிறவன் தப்புச் செய்யும்போது “அப்படியில்லை, தம்பி” என்று கையைப் பிடித்துத் திருத்த ஒருவர் வேண்டும். அவர்தான் ஆசிரியர். ஆசிரியருக்குச் சம்பளம் தர மனமில்லாத சர்க்காருக்குத்தான் இணைய வழித் தொழிற்கல்வி இனிக்கிறது. படத்தை ஒரு முறை எடுத்து வைத்தால் போதும். அது சம்பள உயர்வு கேட்காது, சங்கம் வைக்காது.

இது வெறும் பேச்சல்ல. 2012-ல் நம் மாநிலத்தில் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர், தோட்டம் என்று கைத்தொழிலும் கலையும் சொல்லித்தர 16,549 பேரைப் பகுதி நேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை வீதிகளில் உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கில்லை. வருஷங்கள் கழித்துத் தொகை சில ஆயிரம் ஏறியது, வேலை நிரந்தரமாகவில்லை, சலித்து விலகியவர் பல பேர். பிள்ளைக்குத் தையல் சொல்லித்தர வந்த ஆசிரியை, தன் வயிற்றுப் பாட்டுக்கு மாலையில் பனியன் கம்பெனிக்குப் பீஸ் தைத்தால், அந்தப் பள்ளியில் தொழிற்கல்வி எப்படித் தழைக்கும்?

சான்றிதழ் விஷயம் இன்னும் வேடிக்கை. படம் ஓடி முடிந்து, பத்துக் கேள்விக்கு விடை தட்டினால் பெயரோடு காகிதம் வந்துவிடுகிறது. பெயர் போட்ட காகிதத்தைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். அம்மா அதைச் சாமி படத்துப் பக்கத்தில் ஒட்டுகிறாள். அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் “அதெல்லாம் இருக்கட்டும், மூன்று மாதம் பயிற்சியில் நில்” என்கிறார்கள். பள்ளியில் ஒரு பயிற்சி, போனில் ஒரு பயிற்சி, ஆலையில் மறுபடியும் பயிற்சி. தொழிலாளி ஆவது எப்போது?

இந்த நிலையில் சங்கமும் பெற்றோரும் சும்மா இருக்கலாகாது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இந்தக் குழுக்களில் நம் ஆட்கள் பெயரளவில் இருக்கிறார்கள். கூட்டத்தன்று கூலி போய்விடும் என்று போவதில்லை. போக வேண்டும். பிள்ளையை வெளியே அனுப்பும் எந்த யோசனையும் அந்தக் குழுவில் எழுத்து மூலம் வந்து, படித்துக் காட்டப்பட்டு, தீர்மானம் ஆன பிறகே நடக்க வேண்டும் என்று கேளுங்கள். எந்த இடம், எத்தனை நாள், காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கூட வரும் ஆசிரியர் யார், காயம் பட்டால் பணம் கட்டுவது யார்: இத்தனையும் ஒரே காகிதத்தில், முதலாளியும் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டு இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கிற ஆலைக்குப் பிள்ளை போக வேண்டியதில்லை. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பார்க்கப் போகலாம். வேலை செய்யப் போகக் கூடாது. விடுதியில் தங்க வைக்கும் பயிற்சி எந்தப் பள்ளிப் பெண்ணுக்கும் வேண்டாம். இதில் விட்டுக் கொடுக்க இடமில்லை. இரவு ஷிப்டும் அப்படியே. உற்பத்தியில் கை வைத்தால் அந்த நாளுக்குக் கூலி. கூலி கொடுக்க மாட்டேன் என்றால் உற்பத்தியில் கை வைக்கச் சொல்லாதே.

எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் விடக் கூடாது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையை வயலுக்கே அனுப்பினால் அதற்குப் பெயர் பயிற்சி அல்ல. அவனை மின்சார நிலையத்துக்கும், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும், அச்சாபீசுக்கும், மண் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பட்டும். கட்டணப் பள்ளியில் படிக்கிற மிராசுதார் வீட்டுப் பிள்ளை நம்மோடு ஒரு நாள் நாற்றுப் பறிக்க வரட்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் அதை வரவேற்போம்.

ஆலைச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால், “நமக்கென்ன” என்று இருக்க வேண்டாம். எத்தனை பேர், எந்த மிஷினில், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதிலித் தொழிலாளியைக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பிய அன்றைக்குப் பிள்ளைகளை மிஷினில் நிறுத்தினார்களா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் அன்றே மானேஜரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு நகல் தொழிலாளர் இலாகாவுக்கு, ஒரு நகல் பள்ளிக்கு. நம் அனுபவஸ்தர்கள் முன்வந்து, ஓய்வு பெற்ற பிட்டர், எலெக்ட்ரீஷியன், ஜாபர் போன்றவர்களைப் பள்ளிக்கூடப் பட்டறைக்கே அனுப்பி, மதிப்பூதியம் கொடுத்துச் சொல்லித்தர வைக்கலாம் என்று மேலாண்மைக் குழுவில் யோசனை சொல்லலாம். முப்பது வருஷம் மிஷினோடு வாழ்ந்தவரைவிட நல்ல உபாத்தியாயர் கம்பெனிப் படத்தில் கிடைக்கமாட்டார்.

இன்னொன்றும் குழுவில் கேட்க மறக்க வேண்டாம். பயிற்சி இடம் பதினைந்து மைல் என்றால் போக வர பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? மத்தியானச் சாப்பாடு பள்ளியில் வாங்குகிற பிள்ளைக்குப் பயிற்சி நாளில் சாப்பாடு எங்கே? காகிதத்தில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.